நிலத்தில் கிடைக்கும் ஆழ்கடல் மாங்கனீசு முடிச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி, வராஹா என்ற கடலடிச் சுரங்க இயந்திரம் என்று செய்தி வரும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து கேள்விகள் குவிகின்றன. கடலடி மாங்கனீசு முடிச்சுகளை எப்போது எடுப்பார்கள், அதில் எவ்வளவு நிக்கல் இருக்கும் என்பதுதான் பெரும்பாலும். அதற்கெல்லாம் நாளிதழ்களிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. எப்போதாவது ஒருவர் வேறு மாதிரி கேட்பார்: பல கோடி ஆண்டுகளுக்கு முன்பும் கடல் இருந்ததே, அந்தக் கடலடியின் முடிச்சுகள் இன்று எங்காவது மலையிலோ வயலிலோ கிடைக்கின்றனவா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதைச் சுற்றி வந்தவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மாங்கனீசு முடிச்சு என்றால் என்ன?

ஆழ்கடல் தரையில், பெரும்பாலும் 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில், சேற்றின் மேல் கிடக்கும் கருமையான உருண்டைகள். கோலி அளவிலிருந்து பெரிய உருளைக்கிழங்கு அளவு வரை இருக்கும். மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள்தான் முக்கியப் பொருள். கூடவே நிக்கல், செம்பு, கோபால்ட் கொஞ்சம் கொஞ்சம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஏதாவது ஒரு கரு இருக்கும். சுறாப் பல், திமிங்கிலத்தின் காதெலும்பு, எரிமலைக் கல்துண்டு, சில சமயம் உடைந்துபோன பழைய முடிச்சின் சில்லு.

முதன்முதலில் இவற்றை மேலே கொண்டுவந்தது பிரிட்டனின் சாலஞ்சர் கப்பல். 1873இல் கானரித் தீவுகளுக்குத் தென்மேற்கே தூர்வலையில் சிக்கின. இந்தியா முதல் முடிச்சை எடுத்தது 1981 ஜனவரி 26 அன்று, அரபிக்கடலில், கவேஷணி ஆய்வுக்கப்பலிலிருந்து. இப்போது மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கி.மீ. பரப்பை நமக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தரையில் ஓடிப் பார்த்த வராஹா இயந்திரம் சென்னைக்காரர்களின் வேலை. பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அதை 2021 ஏப்ரலில் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதித்தது.

ஒரு முடிச்சு வளர எவ்வளவு காலம் ஆகும்?

கடல்நீரில் கரைந்திருக்கும் உலோகம் மெல்ல மெல்லப் படிந்து வளரும் முடிச்சு என்றால், 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவிலிருந்து மேற்பரப்பு வரை 3 செ.மீ., வளர்ச்சி 10 லட்சம் ஆண்டுக்கு 3 மி.மீ. என்றால் அந்த முடிச்சுக்கு வயது 1 கோடி. சேற்றுக்குள் இருக்கும் நீரிலிருந்தும் உலோகத்தை வாங்கிக்கொள்ளும் முடிச்சுகள் இதைவிட வேகமாக வளரும்.

இந்த வயதை எப்படிச் சொல்கிறார்கள்? அடுக்குகளில் சிக்கியிருக்கும் பெரிலியம்-10, தோரியம்-230 போன்ற கதிரியக்க அணுக்கள் உள்ளே போகப் போக எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளக்கிறார்கள்.

அவ்வளவு காலம் சேற்றில் புதையாமல் எப்படி மேலேயே கிடக்கிறது?

நியாயமான சந்தேகம். ஆழ்கடலின் செங்களிமண்கூட ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சேர்கிறது. முடிச்சின் வளர்ச்சியோடு ஒப்பிட்டால் அது சில நூறு மடங்கு வேகம். அப்படியென்றால் எல்லா முடிச்சும் எப்போதோ மூடிப்போயிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவை மேலேதான் கிடக்கின்றன. சேற்றைத் தின்று திரியும் புழுக்களும் கடல்வெள்ளரிகளும் முடிச்சைச் சற்றே நகர்த்திக்கொண்டே இருப்பது ஒரு காரணம். அடிநீரோட்டம் புது மண் தங்காமல் அரித்துக்கொண்டு போவது இன்னொன்று. புதைந்த முடிச்சுகளும் இல்லாமல் இல்லை. கடலடியில் துளையிட்டு எடுத்த மண் உருளைகளில் அவை கிடைத்திருக்கின்றன.

"சார், கடலடியில் இப்படிக் கொட்டிக் கிடக்கிறதே, பழங்காலக் கடலின் முடிச்சுகள் நிலத்தில் ஏன் மலை மலையாக இல்லை?"

இதற்கு இரண்டு தடைகள் உண்டு. இரண்டையும் தாண்டியது மட்டும்தான் நம் கைக்கு வருகிறது.

முதல் தடை கடலடியே நிலையாக இல்லை என்பது. கடல்நடு மலைத்தொடர்களில் புதிதாகப் பிறக்கும் கடலடி மெல்ல நகர்ந்து போய், வேறொரு புவித்தட்டின் அடியில் நுழைந்து பூமிக்குள் போய்விடுகிறது. இன்றைய பெருங்கடல்களின் தரையில் மிகப் பழைய பகுதி மேற்குப் பசிபிக்கில் இருக்கிறது. அதற்கே வயது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுதான். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுக்கு மேல். அதற்கு முந்தைய கடலடி, அதன்மேல் கிடந்த முடிச்சுகளோடு சேர்ந்து, உள்ளே போய்விட்டது. தட்டு நுழையும் இடத்தில் மேல்மண்ணில் கொஞ்சம் சுரண்டப்பட்டு மேல்தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிலப்பகுதிகள் மோதிக்கொண்டால் நடுவில் இருந்த கடலடியின் துண்டுகள் மேலே தூக்கப்படும். நமக்குக் கிடைப்பது அப்படி ஒட்டிக்கொண்டதும் தூக்கப்பட்டதும் மட்டும்தான்.

இரண்டாவது தடை வேதியியல். மாங்கனீசு ஆக்சைடு கெடாமல் இருக்க ஆக்சிஜன் வேண்டும். மண்ணில் மட்கும் உயிர்ப்பொருள் அதிகம் இருந்தால், பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடுத்து மாங்கனீசு ஆக்சைடில் கைவைக்கும். திடமாக இருந்த மாங்கனீசு கரைந்து மண்நீரோடு போய்விடும். புதைந்த முடிச்சு அப்படியே காணாமல் போகலாம், அல்லது மாங்கனீசு கார்பனேட்டாக உருமாறலாம். நிக்கலும் செம்பும் பழைய இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அதனால்தான் செங்களிமண் நல்ல காப்பிடம். கரையிலிருந்து வெகுதூரத்தில், உயிர்ப்பொருள் மிகக் குறைவாக வந்துசேரும் இடத்தில் படிவது அது. உள்ளே வெகு ஆழம் வரை ஆக்சிஜன் இருக்கும், முடிச்சு கெடாது. ஆனால் இதே செங்களிமண் நடுக்கடலில் படிவதால் நிலத்தின் மேல் ஏறும் வாய்ப்பும் அதற்குத்தான் மிகக் குறைவு.

அப்படியானால் உண்மையான ஆழ்கடல் முடிச்சுகள் எங்கே கிடைத்திருக்கின்றன?

மிகச் சிறந்த உதாரணம் திமோர் தீவு. இந்தோனேசியாவைச் சேர்ந்த மேற்குத் திமோரின் நிக்கிநிக்கி பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்துச் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) செங்களிமண்ணில் மாங்கனீசு முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றை உலகுக்குச் சொன்னவர் டச்சு நிலவியலாளர் மோலென்கிராஃப். போர்னியோ, திமோர், ரோட்டி தீவுகளின் முடிச்சுகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1915இல் வெளிவந்தது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான பேச்சு என்பதை உணர வேண்டும். கண்டம் என்றும் கண்டம்தான், பெருங்கடல் என்றும் பெருங்கடல்தான் என்பதே அன்று வலுவாக இருந்த கருத்து. சாலஞ்சர் கொண்டுவந்த படிவுகளை ஆராய்ந்து 1891இல் ரெனார்டுடன் சேர்ந்து பெரிய அறிக்கை எழுதிய ஜான் மர்ரியும் அந்தக் கருத்துடையவர்தான். கண்டங்களில் செங்களிமண் போன்ற ஆழ்கடல் படிவு இல்லை என்பதே அதற்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. மோலென்கிராஃபோ தீவின் நடுவில் நின்று, இதோ அந்தச் செங்களிமண், இதோ அதில் முடிச்சு, இதோ சுறாப் பல் என்று காட்டினார்.

சுறாப் பல் இங்கே சும்மா அலங்காரத்துக்கு இல்லை. சுண்ணாம்பு ஓடுகள் எல்லாம் கரைந்துபோகும் ஆழத்தில், கரையாமல் மிஞ்சுவது சுறாப் பல் போன்ற கடினமான எச்சங்கள்தான். மண் மிக மெதுவாகச் சேர்ந்தால் பல்லாயிரம் ஆண்டுப் பற்கள் ஒரே மெல்லிய அடுக்கில் கூடிவிடும். சாலஞ்சர் பசிபிக்கின் செங்களிமண்ணில் பார்த்த அதே காட்சி திமோரிலும் இருந்தது. பின்னாளில் வேதியியலும் கைகொடுத்தது. 1978இல் மார்கோலிஸும் உடனாய்வாளர்களும் திமோர் முடிச்சுகளை ஆராய்ந்து அவை ஆழ்கடலில் பிறந்தவைதான் என்றார்கள்.

திமோரில் மட்டும் எப்படிப் பிழைத்தன? ஆஸ்திரேலியக் கண்டத்தின் விளிம்பு அங்கே பாண்டா தீவு வளைவு என்ற வளைந்த தீவு வரிசையில் மோதிக்கொண்டிருக்கிறது. மோதலில் பழைய கடலடிப் படிவுகள் நசுங்கி, மடிந்து, வெகுவேகமாக மேலே வந்தன. அந்தத் தீவில் பவளப்பாறைத் திட்டுகள்கூடக் கடல்மட்டத்துக்கு மிக உயரத்தில் நிற்கின்றன.

சிசிலியிலும் கிடைத்ததாகப் படித்தேனே?

ஆமாம். இத்தாலியின் மேற்குச் சிசிலியில் டிரபானி பக்கத்து மலைகளில், கிரெட்டேசியஸுக்கு முந்தைய ஜுராசிக் காலச் சுண்ணாம்புக் கல்லில் முடிச்சுகள் இருக்கின்றன. ஹியூ ஜென்கின்ஸ் 1970இல் அவற்றை விரிவாக எழுதினார். கருவாக அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடுகளும் சுண்ணாம்புத் துண்டுகளும் இருக்கும்.

இங்கேதான் நான் மாணவர்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். முடிச்சைச் சுற்றி இருப்பது என்ன? சுண்ணாம்பு. உள்ளே கருவாக இருப்பது? அதுவும் சுண்ணாம்பு. இன்றைய கடல்களில் சுமார் 4 முதல் 5 கி.மீ. ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காமல் கரைந்துவிடும். ஜுராசிக் கடலில் அந்த எல்லை வேறு ஆழத்தில் இருந்திருக்கலாம். ஆனாலும் அம்மோனைட் ஓடு முழுசாகக் கிடக்கும் இடத்தைத் திமோரின் செங்களிமண்ணோடு ஒரே ஆழத்தில் வைக்க முடியாது. ஆழமில்லாத கடலில் இருந்த ஒரு சுண்ணாம்புத் திட்டு மூழ்கி, கடலடி மேடாக நின்றது. நீரோட்டம் அதன் தலையில் மண் தங்கவிடவில்லை. மண் சேராத அந்த நீண்ட இடைவெளியில் முடிச்சுகள் வளர்ந்தன. இன்று அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பிளேக் பீடபூமியில் இதே போல நடக்கிறது. அங்கே ஆழம் ஆயிரம் மீட்டருக்குள்தான், ஆனாலும் முடிச்சுகள் உண்டு.

முடிச்சு நேரடியாகச் சொல்வது ஆழத்தை அல்ல. இந்த இடத்தில் ரொம்ப காலம் மண் சேரவில்லை, ஆக்சிஜன் இருந்தது என்பதைத்தான். ஆழத்தைச் சொல்ல வேண்டியது அதன் அக்கம்பக்கம்.

அப்படியென்றால் உருண்டையான மாங்கனீசு கிடைத்தாலே ஆழ்கடல் என்று சொல்லக் கூடாதா?

கூடவே கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியில் மாங்கனீசு முடிச்சுகள் இருக்கின்றன, அது நன்னீர். பால்டிக் கடலின் ஆழமற்ற தரையில் ஆழ்கடலைவிடப் பலமடங்கு வேகமாக வளர்கின்றன. ஆஸ்திரேலியாவின் குரூட் ஐலண்ட், உக்ரைனின் நிக்கோபோல் இரண்டும் உலகின் பெரிய மாங்கனீசுச் சுரங்கங்கள். தாது அங்கே உருண்டை மணிகளாகவும் கட்டிகளாகவும் கிடைக்கிறது. இரண்டுமே கரையோர ஆழமற்ற கடலில் உருவானவை.

ஜப்பானின் இனுயாமா பகுதியில் இன்னொரு வகை. ஜுராசிக் ஆழ்கடல் படிவுகளுக்குள் மாங்கனீசு கார்பனேட்டால் ஆன சிறு உருண்டைகள் இருக்கின்றன. படிவு ஆழ்கடலுடையதுதான், ஆனால் உருண்டை கடல்தரையின் மேல் வளரவில்லை, புதைந்த பிறகு மண்ணுக்குள் உருவானது. அந்த உருண்டைகளுக்குள் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் கண்ணாடிக்கூடுகள் முள்ளும் துளையும் கெடாமல் இருக்கின்றன. சுற்றியுள்ள கல்லில்கூட அவ்வளவு நன்றாக இல்லை.

சரி, ஆழ்கடல்தான் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

முதலில் சுற்றியுள்ள பாறை. சுண்ணாம்பே இல்லாத செந்நிறக் களிமண், ரேடியோலேரியா நிறைந்த செர்ட் என்ற கடினமான சிலிக்கா பாறை, அடியில் தலையணை வடிவ எரிமலைப் பாறை என்று வரிசையாக இருந்தால் நம்பிக்கை கூடும். மணலும் கூழாங்கல்லும் கிளிஞ்சலும் இருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து முடிச்சின் உள்ளமைப்பு. குறுக்கே அறுத்து மெருகிட்டால் கருவைச் சுற்றி மெல்லிய அடுக்குகள் தெரியும். நுண்ணோக்கியில் அந்த அடுக்குகள் சிறு தூண்களாக, கிளைவிட்டு வெளிப்பக்கம் வளர்ந்திருக்கும். இடையிடையே களிமண் கோடுகள். எரிமலை வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரே மூச்சில் படிந்த மாங்கனீசில் இந்த நிதானம் இருக்காது.

பிறகு வேதியியல். மெதுவாக வளர்ந்த முடிச்சில் கோபால்ட் அதிகம் சேரும். சீரியம் என்ற அருமண் தனிமம் தன் கூட்டாளிகளைவிட மிகுதியாக இருக்கும், ஏனென்றால் ஆக்சைடு பரப்பு அதை மட்டும் ஆக்சிஜனேற்றிப் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றுப் படிவில் கோபால்ட் குறைவு, சீரியமும் குறைவு. ஆனால் புதைந்திருந்த கோடிக்கணக்கான ஆண்டுகளில் சில தனிமங்கள் இடம் மாறியிருக்கும். அதனால் வேதியியலை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதை நான் ஏற்பதில்லை. பாறை சாட்சி சொல்லி, வேதியியல் அதை ஆமோதிக்க வேண்டும்.

அரியலூரில் கிடைக்கும் உருண்டைகள் மாங்கனீசு முடிச்சுகளா?

இல்லை. அரியலூர், ஊட்டத்தூர், காரை பக்கம் போய்வரும் மாணவர்கள் பழுப்பு உருண்டைகளைக் கொண்டுவந்து கேட்பது வழக்கம். அங்கே கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது உண்மை, ஆனால் அது கண்டத்தின் விளிம்பில் ஏறிவந்த ஆழமற்ற கடல். ஊட்டத்தூர் தொகுதி என்ற பாறை வரிசையின் களிமண்ணில் இருப்பவை பாஸ்பேட் முடிச்சுகள். திருச்சி மாவட்டத்துப் பாஸ்பேட் என்று வெகுகாலமாக அறியப்பட்டவை. திமோரின் முடிச்சுகளும் கிரெட்டேசியஸ் காலத்தவைதான். ஒரே யுகம், வெவ்வேறு ஆழம். காரையின் வறண்ட ஓடைகளில் அம்மோனைட்டும் பெலெம்னைட்டும் பொறுக்கிய கையோடு திமோரைப் பற்றிப் படித்தால் இந்த வித்தியாசம் நன்றாகப் பிடிபடும்.

இந்தியாவில் ஆழ்கடல் படிவுகளே நிலத்தில் இல்லையா?

இருக்கின்றன. சென்னையிலிருந்து கப்பலோ விமானமோ ஏறினால் போகக்கூடிய அந்தமானிலேயே இருக்கின்றன. தெற்கு அந்தமானில் போர்ட் பிளேர் பக்கம், பழைய கடலடிப் பாறைத் துண்டுகளோடு ரேடியோலேரியா செர்ட் வெளிப்படுகிறது. இந்தியத் தட்டு அங்கே கிழக்கே நுழைந்து போகிறது. அதற்கு மேலிருக்கும் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டவை இவை. லடாக்கில் சிந்து நதியை ஒட்டிய பகுதியில், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் செர்ட்டும் எரிமலைப் பாறையும் இருக்கின்றன. நாகாலாந்து, மணிப்பூரின் மியான்மர் எல்லையோரத்திலும் இப்படியே.

மத்தியப் பிரதேசத்தின் பாலகாட், கர்நாடகத்தின் சண்டூர் மாங்கனீசுச் சுரங்கங்களை இதோடு சேர்க்க வேண்டாம். அவை நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான படிவுப் பாறைகள், பாலகாட்டில் பூமிக்குள் வெந்து உருமாறியவை. கடலடி முடிச்சு அல்ல.

சென்னைக் கடற்கரையில் கருப்பு உருண்டைக் கல் கிடைத்தது. அது முடிச்சாக இருக்குமா?

இருக்காது. 5 கி.மீ. ஆழத்தில் கிடக்கும் முடிச்சை அலை கரைக்குக் கொண்டுவராது. எலியட்ஸிலோ கோவளத்திலோ கிடைப்பது பெரும்பாலும் தார் உருண்டை, உலைக்கழிவுக் கசடு, அல்லது அலைத்தடுப்புக்குக் கொட்டிய பாறை தேய்ந்து உருண்டது. அந்தப் பாறை பல இடங்களில் சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை அதுதான். கல்கத்தாவோடு பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியலாளர் ஹாலந்து 1893இல் பெயர் சூட்டிய பாறை. முடிச்சு இல்லையென்றாலும் அதற்கென்று பெருமை உண்டு.

சோதிக்க ஆசைப்பட்டால் இப்படிச் செய்யலாம். மெருகிடாத வெள்ளை ஓட்டில் கல்லைத் தேயுங்கள். மாங்கனீசு முடிச்சு கரும்பழுப்புக் கோடு போடும், சார்னோகைட் அப்படிக் கருங்கோடு போடாது. உலர்ந்த கடலடி முடிச்சு பார்த்ததும் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும், ஏனென்றால் உள்ளே நிறையத் துளைகள். தொட்டால் விரலில் கரி ஒட்டும். பிறகு கொஞ்சம் பொடி சுரண்டி, மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சொட்டு விடுங்கள். மாங்கனீசு டைஆக்சைடு இருந்தால் அந்த நொடியே நுரைத்துப் பொங்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பொருள் கலந்த மண்ணும் நுரைக்கும் என்பதால் முதலில் கல்லை நன்றாகக் கழுவ வேண்டும். எந்த மாங்கனீசு தாதுவும் இப்படி நுரைக்கலாம். மாங்கனீசு உண்டா என்பதற்குத்தான் இது பதில், ஆழ்கடலா என்பதற்கு இல்லை.

நிலத்து முடிச்சுகளைத் தோண்டினால் லாபம் உண்டா?

நிக்கல், கோபால்ட்டுக்காக என்றால் இல்லை. கிடைப்பது மெல்லிய அடுக்குகள், அதுவும் துண்டு துண்டாக மடிந்து உடைந்தவை.

லாபமில்லை என்றால் எதற்கு ஆராய வேண்டும்?

கடலடியில் இன்று கிடக்கும் முடிச்சு வளர்ந்துகொண்டிருக்கும் பொருள். நிலத்தில் கிடைப்பது வளர்ச்சி நின்று, புதைந்து, அழுந்தி, மேலேறி வந்த பொருள். புதைந்த பிறகு முடிச்சுக்கு என்ன ஆகும், உலோகங்கள் எங்கே போகும் என்பதை நேரில் காட்டுவது இதுதான். கடலடியை உழுது முடிச்செடுக்கப் போகும் நாடு நாம். இயந்திரம் கிளப்பும் சேறு மூடி மீதி முடிச்சுகள் புதையும்போது என்ன நடக்கலாம் என்று கேட்க நமக்குக் கடமை இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகத்திலிருந்தே மறைந்துபோன கடல்களின் அடிநீர் எப்படி இருந்தது என்று சொல்ல அதிகச் சாட்சிகள் கிடையாது. இருக்கும் சில சாட்சிகளைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தமானிலோ லடாக்கிலோ களப்பயணத்தில் சந்தேகப்படும்படி ஒரு உருண்டை கண்ணில் பட்டால் என்ன செய்வது?

உடனே பிடுங்காதீர்கள். இருக்கும் நிலையில் பேனாவோ அளவுகோலோ பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கல்லிலேயே குறியிடுங்கள். இன்றைய முடிச்சுகளில் நீரைப் பார்த்த மேற்புறம் வழவழப்பாகவும், சேற்றில் பதிந்த அடிப்புறம் சொரசொரப்பாகவும் இருப்பதுண்டு, அந்தத் தடயம் வீணாகக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. எடுக்க அனுமதி இருந்தால், உருண்டையோடு அதைச் சுற்றியிருந்த மண்ணையும் ஒரு கைப்பிடி தனிப் பையில் போட்டு, இடமும் அடுக்கும் எழுதி ஒட்டுங்கள். அதைக் கழுவ வேண்டாம். சென்னைக்கு வந்ததும் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இருக்கும் நிலவியல் துறை ஒன்றில் இரண்டு பைகளையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் முதலில் பிரிக்க வேண்டியது மண் இருக்கும் பையை.